அப்பா எதைப் பார்த்தார்

அப்பா தானாக எனக்குப் போன் செய்வது அபூர்வம். அம்மா என்னோடு பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் அம்மா போனை அவர் பக்கம் நீட்டினால், "சாப்டியா? சரி, வச்சுரு" என்பதோடு முடிந்துவிடும். அதனால் அன்று காலை நான் வேலை பார்க்கும் லேப்பில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும் பயந்துவிட்டேன். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, அம்மாவுக்கு எதுவும் முடியலையா?"

"அவளுக்கென்ன, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கா. அந்தப் படம் வந்துருச்சாம் பாப்பா."

"எந்தப் படம்?"

"நம்ம வயக்காட்டுல எடுத்தாங்கள்ல, அது. திண்டுக்கல்லுல ஓடுதாம். அவங்களுக்கு எடம் பாத்துக் குடுத்த தம்பி சொன்னாப்ல. ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதான?"

எங்கள் ஊர் ஆத்தூர்ப் பக்கம். அப்பா கத்தரியும் செண்டுப்பூவும் போடுகிறார். வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் தென்னை நிற்கிறது. போன வருஷம் சித்திரையில் ஒரு சினிமாக் கூட்டம் அந்த வயலுக்கு வந்தது. வயலுக்குப் பின்னால் மலை தெரிவது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்றாம். நான் அப்போது இங்கே திண்டுக்கல்லில் இருந்தேன். அன்று நடந்ததெல்லாம் அப்பா சொல்லி, இடையிடையே அம்மா திருத்தி, நான் தெரிந்துகொண்டதுதான்.

படத்தில் வயல் வேலை செய்கிற ஒரு பெரியவர் வர வேண்டும். அதற்காகப் பேசி வைத்திருந்த நடிகர் அன்றைக்கு வரவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அப்பாவிடம் உதவி இயக்குநர் வந்து கேட்டிருக்கிறாள். சின்னப் பெண், தலையில் தொப்பி, கழுத்தில் ஈரத்துண்டு.

"ஐயா, நீங்க தினமும் செய்யறதைத்தான் செய்யப் போறீங்க. வாய்க்கால்ல நின்னு தண்ணி திருப்பணும். நடுவுல ஒரு தடவை நிமிர்ந்து பாக்கணும். அப்புறம் திரும்பக் குனிஞ்சு வேலையைப் பாக்கணும். அவ்வளவுதான்."

"நிமிந்து என்னத்தப் பாக்கணும்?"

அவள் போய் ஒரு தென்னை மரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டு வந்தாள். "அந்த ரிப்பனைப் பாருங்க."

"ரிப்பனையா?"

"ரிப்பன் இல்லைங்கய்யா. அங்க ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்கங்க."

"என்னது இருக்கு?"

"அதை அப்புறமா வேற இடத்துல எடுப்போம்."

அப்பா நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார், ரிப்பனைப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் இருந்த இயக்குநருக்குத் திருப்தி வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்க்கச் சொன்னார். அப்பா கண்ணை விரித்தார். அவ்வளவு வேண்டாம் என்றார். பிறகு எழுந்து வந்து, "பெரியவரே, நீங்க பாத்துட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியணும். ஆனா பாத்ததை நீங்க வெளிய காட்டிக்கக் கூடாது" என்று விளக்கினாராம். அது என்ன பார்வை என்று அப்பாவுக்குப் புரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. அசதியில் கடைசியாக ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்ததும், "இதுதான், இதுதான்" என்று எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். மதியம் ஒரு டப்பாவில் பிரியாணி கொடுத்தார்கள். சாயங்காலம் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

படத்தில் நடித்ததை அப்பா ஊரில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்குள் அந்தப் பேச்சு ஓயவே இல்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"பாம்பா இருக்குமோ?"

"இருக்கலாம்பா."

"பாம்பைப் பாத்துட்டு எவனாச்சும் திரும்பக் குனிஞ்சு தண்ணி திருப்புவானா?"

"சரி, தீயா இருக்கும். தூரத்துல வைக்கோல்போர் எரியும்."

"தீயப் பாத்தா ஓடுவேன்ல. தெரிஞ்ச ஆளு வந்தா கூப்பிடுவேன். தெரியாத ஆளுன்னா யாருன்னு கேப்பேன். பாத்துட்டுப் பேசாம வேலையப் பாக்குற மாதிரி அங்க என்னதான் இருந்துச்சு?"

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "நீங்க பெரிய மனுசன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அதான் ஆச்சரியமாப் பாத்திருக்கீக" என்பாள். ரயிலாக இருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் மனசில் போட்டுப் பார்த்துவிட்டு, "ரயிலுன்னா பெட்டி போறவரைக்கும் தலையத் திருப்பச் சொல்லியிருப்பாங்களே" என்று தள்ளிவிட்டார். எனக்கும் மெல்ல அந்த நோய் தொற்றிக்கொண்டது. ஸ்கூட்டியில் போகும்போது சிக்னலில் நிற்பவர்களைப் பார்ப்பேன். ஒரு மனிதன் எதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தன் வேலைக்குத் திரும்புகிறான் என்று கவனிப்பேன். கவனித்தால் முக்கால்வாசி விஷயங்கள் அப்படித்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனிலேயே டிக்கெட் போட்டேன். அம்மாவையும் கூப்பிட்டேன். வரவில்லை என்றுவிட்டாள். "அந்த மனுசன் வயக்காட்டுல நிக்கிறதை நாந்தான் தெனமும் பாக்கேனே. இதுக்குன்னு பஸ் ஏறி வேற வரணுமா?" என்றாள்.

பேருந்து நிலையத்தில் அப்பா இறங்கும்போது தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோளில் புதுத்துண்டு, கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். "வெறுங்கையோடயா வாரது" என்றார். அந்தப் பையை ஸ்கூட்டியில் காலடியில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனோம். வாசலில் நின்ற காவலாளி பையைத் திறந்து பார்த்தார். வெளித் தின்பண்டம் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது. கத்தரிக்காய் அதில் சேருமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பச்சைக் கத்தரிக்கா அப்பு. இதை யாரு உள்ள உக்காந்து திங்கப் போறா?" என்றார் அப்பா.

காவலாளி சிரித்துவிட்டார். பையைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு, போகும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அப்பா கடைசியாகத் தியேட்டருக்கு வந்தது என் கல்யாணத்துக்கு முன்பு. எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தார். என் போனில் டிக்கெட்டாக வந்திருந்த கட்டம் போட்ட படத்தை ஒரு பையன் கருவியால் தொட்டதும் எங்களை உள்ளே விட்டதைத் திரும்பிப் பார்த்தார். ஏசிக் காற்று பட்டதும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். இருக்கையில் உட்கார்ந்ததும் படம் தெரிகிற பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் திரும்பி வந்திருந்தவர்களைப் பார்த்தார். கூட்டம் அதிகமில்லை. எங்களுக்கு முன் வரிசையில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். அவர்களுக்கு அப்பால் ஒரு குடும்பம்.

"இவங்கள்லாம் என்ன கேள்விப்பட்டு வந்திருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"படம் நல்லாருக்குன்னுதான்பா."

"கதை தெரிஞ்சா வந்திருக்காங்க?"

"இல்ல. தெரியாமத்தான்."

"அப்ப என்னைய மாதிரிதான்" என்று திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

படம் ஒரு அப்பாவையும் மகளையும் பற்றியது. அம்மா இல்லாத வீடு. மகள் படித்து முடித்திருக்கிறாள். அப்பாவுக்கு அவள் மேல் உயிர். அந்தப் பாசத்தோடேயே அவள் கழுத்தில் ஒரு தாலிக்கயிற்றை ஏற்றப் பார்க்கிறார். தனக்குத் தெரிந்த, நல்ல வசதியான இடம். மகளுக்குப் பிடிக்கவில்லை. அவள் சொல்வது அவர் காதில் ஏறவில்லை. சண்டை, சத்தம் எதுவுமில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் தோசை பிய்த்துத் தின்றுகொண்டே பேசாமல் இருக்கிறார்கள். எனக்குப் படம் பிடித்திருந்தது. என் அப்பாவோ கதையை ஒரு கண்ணாலும் திரையின் ஓரங்களை இன்னொரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பச்சை தெரிந்தால் முன்னால் நகர்ந்து உட்காருவார். அது எங்கள் வயல் இல்லை என்று தெரிந்ததும் பின்னால் சாய்வார்.

இடைவேளை விட்டது. எங்கள் வயல் வரவில்லை.

வெளியே வந்து பாப்கார்ன் வாங்கினேன். இனிப்புப் போட்டது. அப்பா ஒன்றை வாயில் போட்டு, "சோளத்துல எதுக்குச் சீனி" என்றார். ஆனால் நிறுத்தாமல் சாப்பிட்டார்.

"வெட்டிட்டாங்களோ?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

எனக்கும் அந்தப் பயம்தான். "எடுக்குறதுல பாதியைப் போட மாட்டாங்களாம்பா. படம் நீளமாயிருச்சுன்னா எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும். அது அவங்க இஷ்டம். எடுத்துட்டாங்கன்னா அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாமயே போயிருமே."

அதுவரை அவர் தன் முகத்தைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் அவ்வளவு நாள் அந்தப் பேச்சைக் கேட்டும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். முகம் வராமல் போவதில் அவருக்கு வருத்தமே இல்லை. அந்தத் தென்னை மரத்துப் பக்கம் என்ன இருந்தது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டது. முதலில் மலை. மலைக்குக் கீழே செண்டுப்பூ மஞ்சளாகக் கிடந்தது. எங்கள் மோட்டார் ரூமின் நீலக் கதவு ஓரத்தில் தெரிந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வாய்க்காலுக்குள் ஒருவர் குனிந்து மண்வெட்டியால் மண்ணை இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். திரை முழுக்க அப்பாவின் முகம்.

அவ்வளவு பெரிதாக அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சவரம் செய்யாத தாடையில் நரைமயிர் ஒவ்வொன்றாக நின்றது. வியர்வை கழுத்து நரம்பின் மேல் ஏறி இறங்கியது. இடது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காத ஒரு தழும்பு. பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற முகம்தான். அந்தத் தழும்பை இதுவரை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருந்த நிஜ முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் தெரியவில்லை.

திரையில் அப்பா எதையோ பார்த்தார். பார்த்தது நன்றாகத் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் தெரிந்தது.

அடுத்து ஒரு மண்பாதை. உச்சி வெயில். அந்தப் பெண், கதையில் வருகிற மகள், தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக வேகமாக நடந்து போகிறாள். ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறாள். நேராக நம்மைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு முன்னைவிட வேகமாக நடந்தாள்.

மறுபடியும் வாய்க்கால். அப்பா தலையைக் குனிந்து தண்ணீரைத் திருப்பினார். மடையில் தண்ணீர் புகுந்து ஓடியது. வயல் அத்தோடு போய்விட்டது.

"பிள்ளையா?" என்றார் அப்பா மெதுவாக. "வீட்ட விட்டுப் போற பிள்ளையவா பாத்தேன்?"

"ஆமாப்பா."

"அது நம்ம ஊருப் பாதையே இல்ல. மண்ணைப் பாரு, செவசெவன்னு. குஜிலியம்பாறைப் பக்கம் மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நான் ஆத்தூருல நின்னுக்கிட்டு அங்கிட்டு பாத்திருக்கேன்."

அப்போது முன்வரிசைப் பையன் தன் கூட்டாளியிடம் சொன்னது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "பெருசு பாத்துருச்சுடா. போச்சு. போட்டுக் குடுத்துரும் பாரு."

அப்பாவின் பிடி என் கையில் இறுகியது. பையன் அப்பாவைத் திட்டவில்லை. கதை அடுத்து எங்கே போகும் என்று சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்ட நொடியிலிருந்து அப்பாவுக்கு அந்தப் படமே வேறாகிவிட்டது. ஓரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முன்னால் சாய்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, கதையை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்.

மகளைக் காணவில்லை என்று தெரிந்து அந்த அப்பா வெளியே ஓடி வருகிறார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருக்கிறார். தெருத்தெருவாகப் போய் விசாரிக்கிறார்.

"நான் சொல்லிட்டேனா?" என்று என் காதருகே கேட்டார் அப்பா.

"தெரியலையேப்பா. பாப்போம்."

"என்னைய எடுத்தது அம்புட்டுத்தான். வேற எதுவும் எடுக்கல. அப்பச் சொல்லியிருக்க முடியாது." கொஞ்சம் யோசித்தார். "வேற ஒருத்தன் வந்து, அந்தப் பெரியவருதான் சொன்னாருன்னு சொன்னா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அப்படி ஒரு வசனம் வந்துவிடுமோ என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். படத்தில் அந்த மனிதர் டீக்கடைக்குப் போனார். டெய்லர் கடைக்குப் போனார். குளத்தில் துணி துவைக்கிற பெண்களிடம் கேட்டார். அவர் ஒவ்வொருவரிடமும் போய் நிற்கும்போது அப்பா அந்த ஆளின் வாயையே பார்த்தார். ஓரிடத்தில் அந்த மனிதர் ரோட்டோரம் உட்கார்ந்து, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் இருந்த பூக்காரி சொன்னாள், "இந்த ஊருல யாரும் பாக்கலண்ணே. பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டமா?"

அப்பா என் கையை விட்டார்.

பிறகு வந்ததெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றியது. வேறொரு ஊரில் வேலை, ஒரு சின்ன அறை, மெல்ல மெல்லச் சிரிப்பு. முடிவில் அவள் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் யாரும் போனை வைக்கவும் இல்லை. விளக்குப் போட்டார்கள். எங்களைக் கடந்து போன அந்தப் பையன்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அடையாளம் தெரியவில்லை. திரையில் முண்டாசு கட்டி வெற்றுடம்பாக நின்றவர் இங்கே தேய்த்த சட்டையில் இருந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று அப்பா கண்ணைக் காட்டினார்.

காவலாளியிடம் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எதிரில் ஒரு கடையில் காபி சொன்னேன். வெளிச்சத்தில் முதல் வேலையாக அவர் புருவத்தைப் பார்த்தேன். தழும்பு இருந்தது.

"இது எப்பப்பா ஆச்சு?"

விரலால் தடவிப் பார்த்தார். "இதுவா? சின்னப் பிள்ளையில கிணத்துல குதிச்சு, படிக்கல்லு பட்டுச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"கேக்கலையே நீ" என்றார். அவர் நினைப்பு இதில் இல்லை. காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "நெசத்துல நான் பாத்திருந்தா, எங்க தாயி போறன்னு கேட்டிருப்பேன்."

"கேட்டிருந்தா?"

"அந்தப் பிள்ளை ஏதாச்சும் பொய் சொல்லியிருக்கும். பரீட்சை எழுதப் போறேன்னு. நானும் நம்பியிருப்பேன்."

"அப்புறம் அவங்க அப்பா வந்து கேட்டா?"

பக்கத்து மேஜையில் ஒருவர் வடையைப் பிட்டு வைத்துவிட்டுப் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை அப்பா காத்திருந்தது போல இருந்தது.

"சொல்லிருவேன்" என்றார். "அந்த ஆளு ரோட்டுல உக்காந்து அழுதான் பாரு. அதப் பாத்துட்டு நான் எப்படி வாயப் பொத்திக்கிட்டு நிப்பேன்? சொல்லிருவேன் பாப்பா. சொல்லியிருந்தா அவன் போயி பஸ்ஸுல இருந்து இறக்கிக் கூட்டியாந்திருப்பான். அந்தப் பிள்ளைக்கு அந்த வேலை, அந்த ரூமு, அந்தச் சிரிப்பு எதுவும் இருந்திருக்காது."

"படம்தானப்பா."

"படம்தான். ஆனா பாக்குறது நானுல்ல."

என் கல்யாணம் அவர் பார்த்து, நான் சரி சொல்லி நடந்தது. எந்தப் பாதையிலும் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. ஆனாலும் என் அப்பா எதைப் பார்த்தால் சொல்லுவார், எதைப் பார்த்தால் சொல்லாமல் இருப்பார் என்பதை நான் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. அவரும் யோசித்ததில்லை போல. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

பஸ் ஏறும்போது, "படத்துல இருக்குறவரு என்னைய விட நெஞ்சழுத்தக்காரரு" என்றார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பஸ் திரும்புகிறவரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் அம்மாவிடமிருந்து போன். "என்னடி படம் காட்டிக் கூட்டியாந்த? வந்ததுலருந்து ஒரே கேள்வியா கேட்டு என் உசுர வாங்குறாரு."

"என்ன கேக்குறாரு?"

"நம்ம பிள்ளை அப்படிப் போயி, அதை ஒருத்தன் பாத்திருந்தா, அவன் வந்து நம்மகிட்டச் சொல்லணும்னு நெனப்பியா, சொல்லக் கூடாதுன்னு நெனப்பியான்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கிட்டச் சொல்லட்டும், உங்ககிட்டச் சொல்ல வேணாம்னேன். அதுக்கு ஏன்னு கேட்டு, சோத்துக்கு வச்ச வெஞ்சனத்தைத் தொடாம உக்காந்திருந்தாரு."

அந்த வாரத்தில் ஒருநாள் அப்பாவே மறுபடியும் கூப்பிட்டார். உதவி இயக்குநர் அன்றைக்குத் தன் எண்ணை அவர் போனில் பதிந்து கொடுத்திருந்தாளாம். அவளிடம் நான் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம். "வீட்ட விட்டுப் போற பிள்ளையப் பாக்குறீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. ஏன் சொல்லலைன்னு கேளு. சண்டைக்கு இல்ல. தெரிஞ்சுக்கத்தான்."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சாயங்காலம் கூப்பிட்டேன். அவளுக்கு அப்பாவை நன்றாக நினைவிருந்தது. "அந்த மஞ்சள்பூத் தோட்டத்து ஐயாவா? எப்படி இருக்காங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அப்பாவின் கேள்வியைச் சொன்னேன்.

"உண்மையச் சொல்லணும்னா அக்கா, அன்னைக்கு எங்களுக்கே தெரியாது. கதையில அந்த இடம் வேற மாதிரி இருந்துச்சு. மழை வர்றதைப் பெரியவர் பாக்கறார்னுதான் எழுதியிருந்தோம். மழை சீன் எடுக்க முடியலை. அப்புறம் எடிட்டிங்ல உக்காந்து ஐயா முகத்தைப் பாத்தப்போதான் டைரக்டர் சொன்னார், இவர் மழையைப் பாக்கலை, யாரையோ பாக்கறார்னு. அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு நடந்து போறதையே தனியா எடுத்தோம்."

நான் போனை வைத்ததும் அப்பாவுக்குச் சொன்னேன். மறுமுனையில் பம்பு செட் ஓடுவது மட்டும் கேட்டது.

"மழையா?" என்றார்.

"ஆமாப்பா. மொதல்ல மழைதானாம்."

"சித்திரையில மழை வர்றதப் பாத்துட்டு எவனாச்சும் திரும்பக் குனிஞ்சு வாய்க்காலத் திருப்புவானா? மண்வெட்டியத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குல்ல போவான்?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை. அம்மா எங்கிருந்தோ, என்னவாம், என்னவாம் என்று கேட்டுக்கொண்டே வருவது கேட்டது. அப்பா அவளுக்குச் சொன்னார். பாதியிலேயே மறுபடி சிரிப்பு வந்து நிறுத்தினார்.

பிறகு என்னிடம், "அப்ப அந்தப் பிள்ளை நடந்து போனதே நான் பாத்ததுனாலதானா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சொல்றாங்க."

"அன்னைக்கு எனக்கு வெயிலு தாங்கல பாப்பா. எப்படா விடுவாங்கன்னுதான் பாத்தேன்."

படம் அடுத்த வாரமே திண்டுக்கல்லை விட்டுப் போய்விட்டது. சில மாதங்கள் கழித்துப் போனில் பார்க்கிற மாதிரி வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது என் போனிலேயே அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நேராக அந்த இடத்துக்கே போகச் சொல்லி அப்பா அவசரப்படுத்தினார். அம்மா விடவில்லை. முதலிலிருந்து பார்க்கவேண்டும் என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து, நடுவில் எழுந்து மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு வந்து, முழுப்படத்தையும் பார்த்தாள். அப்பா வந்த இடத்தில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மனிதர் ரோட்டில் உட்கார்ந்து அழுதபோது மட்டும் நிறுத்தச் சொன்னாள்.

"ஒரே தட்டுல தோசை திங்கும்போதே அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவன் இப்ப இங்க வந்து ஏன் அழுவான்?" என்றாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டு" என்றாள் அம்மா என்னிடம். நான் மறுபடி படத்தை ஓடவிட்டேன்.